ஒன்பது மணி பிளேன்

அத்தியாயம் 11

"பிளேன் வந்துருச்சுடீ!"

யாரோ ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான். விடியற்காலையிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் குனிந்தே கிடந்த நாற்பது முதுகுகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. உப்பு வாரும் பலகைகள் தொப் தொப்பென்று வரப்பில் விழுந்தன. திருப்பதியிலிருந்து பாண்டிச்சேரிக்கு வரும், பதினெட்டுப் பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு கடல் பக்கமாகத் திரும்பிப் போனது.

ஆண்டாள் மேடம் விமானத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது," என்றார்.

"ஒன்பதுதான் மேடம். இதைக் கண்டுபிடிக்கவா என்னை நாலு மணிக்கு எழுப்பி திண்டிவனத்துலேருந்து இழுத்துட்டு வந்தீங்க? எங்க தெருக் கோழிகூட அப்போ தூங்கிட்டுதான் இருந்துச்சு."

"கலியமூர்த்தி, கொஞ்சம் வாயை மூடு."

நான்தான் கலியமூர்த்தி. எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். மூளை அவருடையது, வாய் என்னுடையது.

வழக்கு இதுதான். முந்தாநாள் காலை இந்த அளத்தின் முதலாளி தனகோடி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மோட்டார் கொட்டாயில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். ஒன்பது இருபது வரை மனைவியோடு செல்போனில் பேசியிருக்கிறார். ஒன்பதே முக்காலுக்கு உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் பிணத்தைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு ஓடினார். ஆக, நடுவில் இருக்கும் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கிறது.

போலீஸ் பிடித்தது அளத்தில் வேலை செய்யும் மணிவண்ணனை. காரணம் ஊருக்கே தெரியும். போன வாரம் தனகோடி அதே கொட்டாயில் மணிவண்ணனோடு வேலைக்கு வரும் அவர் மனைவி சகாயசெல்வியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மறுநாள் மணிவண்ணன் வரப்பில் நின்று, "உன்ன வெட்டாம விடமாட்டேன்டா" என்று நாற்பது பேர் கேட்கக் கத்தியிருக்கிறார். கத்திவிட்டு, வேறு வேலை கிடைக்காத பாவத்துக்கு இருவரும் மறுபடி அங்கேயே பலகையைப் பிடித்திருக்கிறார்கள். அளத்தில் வேலை முடிவது ஒன்பது மணிக்கு. முடிந்ததும் மற்றவர்கள் கூட்டமாக வீட்டுக்குப் போக, மணிவண்ணன் மட்டும் போர்வெல்லில் குளிக்கத் தனியாகப் போயிருக்கிறார். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. நாளைக் காலை கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் நாங்கள் எதையாவது கொண்டுபோனால் உண்டு, இல்லையென்றால் மனுஷன் கடலூர் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரே ஒரு விஷயம்தான் மேடத்துக்கு இடித்தது. கொட்டாயின் தகரக் கதவு விளிம்பில் இன்னொருவர் ரத்தம் இருந்தது. மணிவண்ணன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏம்மா, முந்தாநாளும் ஒன்பது மணிக்குத்தான் வேலையை முடிச்சீங்களா?" பலகையைக் கழுவிக்கொண்டிருந்த ராசம்மாளைக் கேட்டார் மேடம்.

"ஆமாங்க. பிளேன் வந்துச்சு, முடிச்சோம்."

"கடிகாரம் பார்த்தீங்களா?"

ராசம்மாள் சிரித்தாள். "அளத்துல யாருங்க வாட்ச் கட்டுவா? உப்புத் தண்ணி பட்டா மூணு மாசத்துல துருப்புடிச்சிப் போயிடும். போனையும் வூட்டுலயே வச்சிட்டு வந்துருவோம். சூரியன் இருக்கு, பிளேன் இருக்கு. முன்னெல்லாம் மேஸ்திரி விசிலடிச்சாதான் விடுவான், அவன் அரை மணி ஏமாத்துவான். இந்த பிளேன் வுட ஆரம்பிச்சதுலேருந்து அந்தப் பேச்சே இல்ல. பிளேன் வந்தா பலகையப் போடுன்னு நாங்களே சண்ட போட்டு வாங்கினோம்."

"முந்தாநாள் சூரியன் தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது! ஒரே பனிமூட்டம். பத்தடி தள்ளி நிக்கிறவ மூஞ்சே தெரியல. பிளேன்கூட சத்தம்தான் கேட்டுச்சு."

மேடம் வரப்பில் வரிசையாகக் குவித்திருந்த உப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "தினமும் இவ்வளவு பாத்திதான் வாருவீங்களா?"

"இதுதான் கணக்கு. ஆனா பாருங்க, முந்தாநாள் மட்டும் எட்டுப் பாத்தி கூடுதலா வாரிட்டோம். வெயில் இல்லல்ல, கை தானா ஓடுச்சு. வீட்டுக்குப் போறப்பதான் இடுப்பு போச்சு."

மேடம் திரும்பினார். கண்ணில் ஒரு மினுமினுப்பு. பத்து வருஷமாக எனக்கு அந்த மினுமினுப்பைத் தெரியும். அது வந்தால் எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது.

"கலியமூர்த்தி, பாண்டிச்சேரி ஏர்போர்ட்டுக்குப் போறோம்."

"பிளேன் ஏறித் திருப்பதிக்கா மேடம்? மொட்டை போடுறதுக்கு எனக்கு முடியே இல்லையே!"

ரோட்டில் ஆட்டோ நின்றது. ஓட்டுவது பிரபு, சகாயசெல்வியின் தம்பி. இருபத்திரண்டு வயசு இருக்கும். எங்களைத் திண்டிவனம் வந்து தேடிப்பிடித்து இந்த வழக்குக்கு அழைத்தது அவன்தான். சுனாமியில் அப்பா அம்மா இருவரும் அனுமந்தைக் கடற்கரையிலேயே போய்விட, அக்காதான் அவனை வீட்டோடு வைத்திருந்தாள். மூன்று நாளாக அக்கா ஸ்டேஷன் வாசலில் நிற்க, அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டிப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவன்தான்.

வலது உள்ளங்கையில் ஒரு துணிக்கட்டு. ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தான்.

"என்னப்பா கையில? யாராவது பொண்ணு கடிச்சுட்டாளா?" என்றேன்.

"வண்டிக் கம்பி கிழிச்சிடுச்சு சார்," என்றான். சிரிக்கவில்லை.

கூனிமேடு தாண்டி, காலாப்பட்டு தாண்டி, லாஸ்பேட்டை விமான நிலையத்தில் போய் இறங்கினோம். ஒரு கட்டிடம், நாலு பூந்தொட்டி, நிறைய வெயில். காலையில் வந்த விமானம் திரும்பிப் போய்விட்டதால் மனித நடமாட்டமே இல்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரத்தில் ஏறி இறங்கும் கூட்டம் இங்கே வருஷத்துக்கு வராது போலிருக்கிறது.

'தென்றல் ஏர்' கவுண்டரில் கலைமதி என்று பேட்ஜ் குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பதற்குப் பயிற்சி எடுத்தவள். சிரித்தாள்.

"திருப்பதிக்கும் பாண்டிச்சேரிக்கும் எவ்வளவு தூரம்மா?" என்றார் மேடம்.

"ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் நேரா நூத்தி எண்பத்தேழு கிலோமீட்டர் மேடம். பஸ்ல சுத்திக்கிட்டுப் போனா ஆறு மணி நேரம் ஆகும். நம்ம பிளேன்ல நாப்பதே நிமிஷம்."

"நேரா வர்ற பிளேன் மரக்காணத்துக்கு ஏன் வருது?"

"காத்து கடல்லேருந்து அடிச்சாலும் நிலத்துலேருந்து அடிச்சாலும் பைலட் கரையோரமா சுத்தி வந்துட்டுத்தான் இறங்குவார் மேடம். அதெல்லாம் சேர்த்துதான் நாப்பது நிமிஷம்."

"இந்த நாப்பது நிமிஷம் மாறவே மாறாதா?"

"பறக்கிற நேரம் மாறாது மேடம்." கலைமதி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "கிளம்புற நேரம்தான் மாறும்."

மேடம் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார். "முந்தாநாள் மாறுச்சா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அதெல்லாம் மேலிடத்துல கேக்கணும் மேடம். நான் சொல்லக் கூடாது."

"மேலிடம்னா பைலட்டா?" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே வந்து பூந்தொட்டி ஓரம் நின்றுகொண்டேன்.

அங்கேதான் அப்பாவு சிக்கினார். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து பட்டாசுத் திரி உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, மாசி மாசத்துல தீபாவளியா?"

"தினமும் தீபாவளிதான் நமக்கு. பிளேன் எறங்குறதுக்கு முன்னாடி ரன்வேயில உக்காந்துருக்கிற கொக்கு, காக்கா எல்லாத்தையும் வெடி போட்டு ஓட்டணும். அதான் நம்ம உத்தியோகம்."

மேடம் என் பின்னாலேயே வந்து நின்றார். "முந்தாநாள் மூட்டமா இருந்துச்சே, கொக்கு வந்துச்சா?"

"அத்த ஏம்மா கேக்குறீங்க!" அப்பாவு திரியைக் கீழே வைத்துவிட்டார். "அன்னிக்கு ரெண்டு தபா வெடி போட்டேன். ஒன்பது மணியாச்சேன்னு வழக்கம்போல மொத வெடி. கொக்கெல்லாம் பறந்துச்சு. பிளேன் வரல. வயர்லெஸ்காரரக் கேட்டா, திருப்பதியில ஒண்ணுமே தெரியல, இன்னும் கெளம்பவே இல்லங்கிறாரு. கொக்குங்க 'இந்தாளு சும்மா பயமுறுத்துறான்'னு மறுபடி வந்து வரிசையா உக்காந்துக்குச்சு. ஒம்பது இருவதுக்கு மேல கெளம்பிடுச்சுன்னாங்க. பத்து மணிக்கு ரெண்டாவது வெடி. அப்புறந்தான் எறங்குச்சு."

"சத்தியமா?"

"அன்னிக்கு ரெண்டாவது வெடி கணக்குல வரல, எதுக்கு வெடிச்சேன்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. இதுல பொய் வேறயா?"

மேடம் கண்ணை மூடித் திறந்தார். நான் குதிக்காத குறைதான். ஓடிப்போய் ஆட்டோவில் சாய்ந்திருந்த பிரபுவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தம்பி! உங்க மாமா தப்பிச்சாரு!"

"எப்படி சார்?"

"தனகோடி கடைசியா போனை வச்சது ஒன்பது இருபது. அப்போ அந்த பிளேன் எங்க இருந்துச்சு தெரியுமா? நூத்தி எண்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி, திருப்பதியில, தரையில! அது மரக்காணத்துக்கு மேல வர்றப்போ மணி பத்து. உங்க அளத்துக்காரங்க பிளேனைக் கேட்டு ஒன்பதுன்னு நெனச்சு வேலையை முடிச்சது நிஜத்துல பத்து மணிக்கு. அதான் எட்டுப் பாத்தி கூடுதல்! தனகோடி சாகும்போது உங்க மாமா நாப்பது பேருக்கு நடுவுல உப்பு வாரிக்கிட்டு இருந்திருக்காரு!"

"வீட்டுக்குப் போய் யாரும் மணி பார்க்கலியா சார்?"

"வழியிலயே போலீஸ், கொலைன்னு ஊரே ரோட்டுல. மணியா பார்ப்பாங்க?"

பிரபு என்னையே பார்த்தான். "அப்போ மாமா வந்துருவாரு."

"வராம?"

"சத்தியமா வந்துருவாருல்ல சார்?"

கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். திரும்பும் வழி முழுக்க நானேதான் பேசிக்கொண்டு வந்தேன். மேடம் எதிரே கண்ணாடியில் தெரிந்த பிரபுவின் முகத்தையோ, ரோட்டையோ, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அளத்துக்குப் பிரியும் மண்ரோட்டு முனையில் சகாயசெல்வி நின்றிருந்தாள். கையில் தூக்குவாளி. ஸ்டேஷனில் புருஷனுக்குக் கொடுக்கச் சோறு. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். மேடம் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்போ அவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் சொன்னேனே மேடம், அவரு வாய்தான் பேசும்னு. ஏசுவே, அவரு ஒண்ணும் பண்ணல."

"ஒரே ஒரு சிக்கல்," என்றார் மேடம். "பத்து மணி வரைக்கும் அவர் அளத்துல இருந்ததைப் பார்த்தவங்க எல்லாரும் அளத்து ஆளுங்க. சேர்ந்து பேசி வச்சுக்கிட்டு சொல்றாங்கன்னு இன்ஸ்பெக்டர் தள்ளிடுவார். வெளியாள் யாராவது அவரைப் பார்த்தாங்களா? பிளேன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி?"

சகாயசெல்வி முகம் மலர்ந்தது.

"இருக்கான் மேடம்! என் தம்பியே இருக்கான்!" பிரபுவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "பிளேன் வர்றதுக்குக் கொஞ்சம் முந்திதான் வந்தான். அவருகிட்டதான் தண்ணி வாங்கிக் குடிச்சான். அவரு, 'ஏன்டா இப்படி நடுங்குறே, பனியா'ன்னுகூடக் கேட்டாரு. சொல்லேன்டா! கையில ரத்தம் மேடம் இவனுக்கு. வாய்க்காத் தண்ணியில கழுவிட்டு எரியுது எரியுதுன்னு குதிச்சான். உப்புத் தண்ணில்ல? நான்தான் தலத்துணியக் கிழிச்சிக் கட்டிவிட்டேன். அந்த மூட்டத்துல வாய்க்கா மதகு மேல ஓடியாந்திருக்கான், பைத்தியக்காரன்..."

அங்கே நின்றுவிட்டாள்.

"மதகுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. என் நாக்கு எனக்கு எப்போதும் எதிரி.

ரோட்டில் ஒரு பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கொட்டாய்," என்றாள் சகாயசெல்வி. மெதுவாக. தம்பியின் உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

போலீஸ் கணக்கில் பிரபு அளத்துக்கு வந்தது எட்டே முக்காலுக்கு. தனகோடி அப்போது உயிரோடு இருந்தார், அதனால் பையனை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மணிவண்ணனைக் காப்பாற்ற நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். அது எல்லோருக்கும் சேர்த்துத்தான் தள்ளிப்போனது.

"இல்ல மேடம்." சகாயசெல்வி அவன் கையைத் தன் முந்தானையால் மூடினாள். "நான் தப்பா சொல்லிட்டேன். இவன் வரல. அன்னிக்கு இவன் அளத்துப் பக்கமே வரல. பிளேனு எப்பவும் போல ஒன்பது மணிக்குத்தான் வந்துச்சு. எழுதிக்குங்க மேடம், ஒன்பது மணிக்குத்தான்..."

"அப்படின்னா உன் புருஷன் நாளைக்கு ஜெயிலுக்குப் போவாரும்மா," என்றார் மேடம்.

சகாயசெல்வி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேர்ல யாருன்னு என்னையா கேக்குறீங்க? ஒருத்தன நான் தூக்கி வளத்தேன் மேடம். அப்பனும் ஆத்தாளும் போன அன்னிக்கு, தென்னமரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருந்தவன நான்தான் எறக்கினேன். இவன வுட்டா எனக்குப் பொறந்த வூடுன்னு யாரு இருக்கா? என் வாயாலயே காட்டிக் குடுத்துட்டேனே! பாவி, என் வாயாலயே!"

தலையில் அடித்துக்கொண்டாள். பிரபு அவள் எதிரில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீ காட்டிக் குடுக்கலக்கா. நான்தான் இவங்களக் கூட்டியாந்தேன்." மேடத்தை நிமிர்ந்து பார்த்தான். "அடிக்கப் போகல மேடம். என் அக்கா கைய ஏன்டா புடிச்சேன்னு கேக்கத்தான் போனேன். சிரிச்சான். 'உன் மாமன் கத்திட்டுப் போனான், நீ என்ன பண்ணுவே'ன்னான். புடிச்சித் தள்ளினேன். மோட்டார் மேல விழுந்தான். எந்திரிக்கவே இல்ல. கதவுல கை கிழிஞ்சதுகூடத் தெரியாம ஓடியாந்தேன்."

"உன் மாமாவைப் பிடிச்சப்போ ஏன்டா சொல்லல?" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"பயம் சார். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் மூணு தடவ போனேன். மூணு தடவயும் திரும்பிட்டேன். மேடம் வந்தா மாமாவ வெளிய எடுத்துருவாங்க, கொலைகாரன் கெடைக்கலன்னு கேஸ் அப்படியே போயிடும்னு நெனச்சேன். ரெண்டு பேருமே அக்காகிட்ட இருந்துருவோம்னு நெனச்சேன்."

மேடம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அவர் வழக்கம். அன்றைக்குக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நீயே போய்ச் சொல்லிட்டா நல்லதுப்பா," என்றார் கடைசியில். "தள்ளினதுதான், கொல்லணும்னு போகலன்னு நான் கோர்ட்டுல வந்து சொல்றேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்றேன். ஆனா உள்ளே போகாம இருக்க முடியாது."

"தெரியும் மேடம்." பிரபு எழுந்தான். அக்காவைத் தூக்கி நிறுத்தி, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். தூக்குவாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "ஏறுக்கா. ஸ்டேஷனுக்குப் போலாம். மாமாவ இட்டுக்கிட்டு வந்துரு."

அவள் ஏறினாள். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைச் சுற்றிக் கை போட்டார். நான் முன்னால், டிரைவர் சீட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். பிரபு கட்டுப்போட்ட கையால் வண்டியைத் திருகினான்.

"அவருக்கு ஆட்டோ ஓட்டத் தெரியாதேடா பிரபு," என்றாள் சகாயசெல்வி திடீரென்று. குழந்தை மாதிரி தேம்பினாள். "திரும்பி வர்றப்போ யாருடா ஓட்டுவாங்க?"

பிரபு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

"பஸ்ல வந்துருங்கக்கா. மாமாவுக்கு ஜன்னல் சீட்டா பார்த்துப் புடிச்சுக் குடு. மூணு நாளா தூங்கியிருக்க மாட்டாரு, தூங்கிட்டு வரட்டும்."

வண்டியைக் கிளப்பினான்.